இரவல் குரல்

'சிங்கிங் இன் தி ரெயின்' (1952) படத்தை எத்தனை தடவை பார்த்தேன் என்று எண்ணுவதை விட்டுப் பல வருஷம் ஆகிறது. ஊரெல்லாம் அந்தப் படத்தை மழைக்காட்சிக்காகத்தான் பார்க்கும். ஜீன் கெல்லி குடையை மடக்கித் தோளில் போட்டுக்கொண்டு தெருத்தண்ணீரில் குதித்துக் குதித்து ஆடுவார். அன்றைக்கு அவருக்கு 103 டிகிரி காய்ச்சல் என்று சொல்வார்கள். நல்ல காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் நான் காத்திருப்பது வேறொன்றுக்கு. படம் முடியச் சில நிமிஷங்களே இருக்கும்போது ஒரு திரைச்சீலை மேலே போகும். அதற்கு.

படம் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் கதை. 1927. பேசும்படம் வந்துவிட்டது. ஊமைப்பட நாயகி லீனா லாமான்ட்டுக்கு முகம் இருக்கிறது, குரல் இல்லை. வாயைத் திறந்தால் தகரத்தைக் கீறியது போலிருக்கும். அதனால் கேத்தி என்கிற புதுப்பெண்ணை மறைவாக நிற்க வைத்து லீனாவுக்காகப் பேசவும் பாடவும் வைக்கிறார்கள். படம் வெற்றி. முதல் காட்சி முடிந்ததும் ரசிகர்கள் லீனாவை மேடையில் பாடச் சொல்கிறார்கள். லீனா வாயசைக்கிறாள், திரைக்குப் பின்னால் மைக் முன்னால் கேத்தி பாடுகிறாள். நாயகனும் நண்பனும் முதலாளியும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு கயிற்றைப் பிடித்து இழுக்கிறார்கள். திரை மேலே போகிறது. இரண்டு பெண்கள், ஒரு குரல். அரங்கமே சிரிக்கிறது.

முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. தொண்டையில் ஏதோ அடைத்தது. காரணம் இருக்கிறது.

எட்டாம் வகுப்பில் ஆண்டுவிழாவுக்கு ஆண்டாள் நாட்டிய நாடகம். நான் நன்றாகப் பாடுவேன், ஆனால் ஆண்டாளாக நிற்கும் 'லட்சணம்' இல்லை என்று முடிவாயிற்று. அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். மேடையின் ஓரத்தில் நீலத்துணி கட்டி, அதற்குப் பின்னால் ஆர்மோனியம் டீச்சரோடு என்னை உட்கார வைத்தார்கள். முன்னால் கொண்டை சாய்த்து, மாலை போட்டு, என் வகுப்புத் தோழி வாயசைத்து ஆடினாள். சிறப்பு விருந்தினர் அவளுக்குக் கேடயம் கொடுத்துவிட்டு மைக்கிலேயே சொன்னார், "குரல் ரொம்ப நல்லா இருக்கும்மா, விட்டுராத." அவள் நீலத்துணிப் பக்கம் ஒரு நொடி திரும்பிப் பார்த்தாள். பிறகு விருந்தினரைக் கும்பிட்டாள்.

ஆக, கேத்தி என் ஆள். லீனா திருடி. பத்து வருஷம் இந்தப் படத்தை இப்படித்தான் பார்த்தேன்.

அப்புறம் ஒரு விஷயம் தெரிய வந்தது. மறைந்து நிற்கும் குரலுக்கு நியாயம் கேட்கும் இந்தப் படமே ஒரு குரலை மறைத்து வைத்திருக்கிறது. லீனாவுக்காகக் கேத்தி ஒரு காதல் பாட்டைப் பதிவு செய்யும் காட்சி இருக்கிறதே, அதில் கேத்தியாக நடித்த டெபி ரெய்னால்ட்ஸ் பாடவில்லை. பெட்டி நாய்ஸ் என்ற பாடகி பாடினார். படத்தில் அவர் பெயர் போடப்படவே இல்லை. கூத்து இதோடு முடியவில்லை. லீனாவின் வசனத்துக்குக் கேத்தி குரல் கொடுக்கும் இடத்தில் நாம் கேட்பது லீனாவாக நடித்த ஜீன் ஹேகனின் சொந்தக் குரல். கீச்சுக்குரல் அவர் நடிப்புக்காகப் போட்டுக்கொண்டது. நிஜத்தில் அவருக்கு நிதானமான, அழகான குரல். அதாவது ஹேகனுக்குக் குரல் கொடுக்கிற ரெய்னால்ட்ஸுக்கு ஹேகனே குரல் கொடுக்கிறார். இதைத் தெரிந்துகொண்டு மறுபடி பாருங்கள். தலை சுற்றும்.

எனக்குக் கோபம்தான் வந்தது. ஏமாந்துவிட்டோமோ என்று. ஆனால் அதற்குப் பிறகும் படத்தை விட முடியவில்லை. ஏன் விட முடியவில்லை என்று யோசித்துப் பார்த்ததுதான் இந்தக் கட்டுரை.

பெட்டி நாய்ஸ் தனி ஆள் இல்லை. மார்னி நிக்ஸன் கதை இன்னும் பெரிசு. 'தி கிங் அண்ட் ஐ' (1956) படத்தில் டெபரா கெர், 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' (1961) படத்தில் நடாலி வுட், 'மை ஃபேர் லேடி' (1964) படத்தில் ஆட்ரி ஹெப்பர்ன். மூன்று பேருக்கும் பாட்டுக்குரல் நிக்ஸன். மூன்று படத்திலும் பெயர் கிடையாது. கடைசியில் 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' (1965) படத்தில் கன்னியாஸ்திரீகளில் ஒருத்தராகச் சின்ன வேஷத்தில் நேரிலேயே வந்தார். அந்தப் படம் டிவியில் ஓடும்போதெல்லாம் நான் நாயகியை விட்டுவிட்டு அந்த அம்மாவைத் தேடுவேன்.

நம்மூரில் இந்த ஒளிவுமறைவு இல்லை. எம்.கே.டி., கே.பி. சுந்தராம்பாள், 'மீரா'வில் (1945) எம்.எஸ். என்று சொந்தக் குரலில் பாடியவர்களின் காலம் முடிந்து இரவல் குரல் வந்தபோது, அதை மறைக்க வேண்டிய விஷயமாக நாம் வெகுநாள் வைத்திருக்கவில்லை. டைட்டிலில் 'பின்னணி' என்று தலைப்புப் போட்டுப் பெயரை எழுதினோம். ரேடியோவில் பாட்டுக்கு முன்னால் பாடியவர் பெயரைச் சொன்னோம். டி.எம்.எஸ். எம்.ஜி.ஆருக்கு ஒரு மாதிரியும் சிவாஜிக்கு ஒரு மாதிரியும் பாடுவார் என்பது டீக்கடைப் பேச்சு. திரையில் சிவாஜி அழும்போது அது டி.எம்.எஸ். குரல் என்று நம் பாட்டிக்குத் தெரியும். தெரிந்தேதான் அவளும் அழுதாள். ஹாலிவுட்காரனுக்கு இது புரியவே புரியாது என்று நினைக்கிறேன்.

'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்துக்கு வருகிறேன். கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் தொடராக எழுதிய கதை, ஏ.பி. நாகராஜன் இயக்கம், கே.வி. மகாதேவன் இசை. வைத்தி, ஜில் ஜில் ரமாமணி, ரயில் காட்சி என்று எல்லாருக்கும் மனப்பாடம். அதனால் வேறொன்றைச் சொல்கிறேன். இவ்வளவு பெரிய இசைப்படத்தில் நாயகனுக்கு ஒரு பாட்டுக்கூடக் கிடையாது. கவனித்திருக்கிறீர்களா? டி.எம்.எஸ். உச்சத்தில் இருந்த காலம், சிவாஜி படம், ஆனாலும் சிக்கல் சண்முகசுந்தரம் பாடுவதே இல்லை. அவர் வாய் சீவாளியில் இருக்கிறது. அந்த நாதஸ்வரமும் இரவல். மதுரை சகோதரர்கள் எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி வாசித்தது.

முதல் இரண்டு மூன்று தடவை கதைக்காகப் பார்ப்போம். அதன் பிறகு ஒரு நாள் கண் தானாகச் சிவாஜியின் கழுத்துக்குப் போகும். மூச்சு எங்கே பிடிக்கிறார், கன்னம் எப்போது உப்புகிறது, நீண்ட சங்கதி முடியும்போது நெற்றி நரம்பு எப்படித் தளர்கிறது என்று பார்க்க ஆரம்பிப்போம். ஒலி எங்கேயோ முன்பே பதிவாகிவிட்டது. அதை மறுபடி தன் உடம்பு வழியாக ஒருத்தர் உண்டாக்கிக் காட்டுகிறார். பக்கத்தில் டி.எஸ். பாலையா தவிலை அடிப்பதை மட்டும் பார்த்துக்கொண்டே ஒரு தடவை முழுப்படத்தையும் பார்த்தேன். நேரம் வீணாகவில்லை. அந்த மனுஷர் தாளத்தைக் கையில் வைத்திருப்பதைவிட முகத்தில்தான் அதிகம் வைத்திருக்கிறார்.

காயம்பட்டு மீண்டு வந்த சண்முகசுந்தரத்தை மோகனா மேடையில் ஆடிக்கொண்டே நலம் விசாரிக்கிற இடம். சுற்றிலும் கூட்டம், நேரே கேட்க முடியாது. அதனால் பாட்டில் கேட்கிறாள். பதில் நாதஸ்வரத்தில் வருகிறது. கேள்வி பத்மினியின் கண்ணிலும் கையிலும், குரல் பி. சுசீலாவுடையது. பதில் சிவாஜியின் முகத்தில், மூச்சு மதுரைக்காரர்களுடையது. ஒரு கேள்வி, ஒரு பதில், அதற்குள் இத்தனை பேர். இருந்தும் அந்தக் கணத்தில் திரையில் இரண்டே இரண்டு பேர்தான் இருக்கிறார்கள். சொந்தக் குரலில் நேராகச் சொல்ல முடியாததால்தானே மோகனாவும் பாட்டை இரவல் வாங்குகிறாள்?

அன்றைக்கு அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். வேறொரு ஞாபகம் வந்துவிட்டது. ஆண்டாள் நாடக ஒத்திகைக்கு ஒரு மாசம் முழுக்க, என் தோழி சாப்பாட்டு வேளையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள். "இன்னொரு தடவை பாடுடி" என்பாள். நான் பாடும்போது என் கழுத்தைப் பார்ப்பாள். எங்கே மூச்சு எடுக்கிறேன் என்று விரலால் தொடையில் தட்டிக் குறித்துக்கொள்வாள். விழா அன்று நடுவில் எனக்கு இருமல் வந்து ஒரு வரியைத் தாமதமாகத்தான் எடுத்தேன். அவள் அதற்குள் வாயைத் திறந்துவிடவில்லை. நீலத்துணிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு என் இருமல் முடியும்வரை ஆண்டாளாகவே காத்திருந்தாள். என் முகம் அவளுக்குத் தெரியாது, காதால் கேட்டுத்தான் நின்றாள். கேடயத்தைப் பற்றி எனக்கு இன்றும் கசப்பு உண்டு. ஆனால் இதை நான் இத்தனை வருஷமாகக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

'சிந்து பைரவி' (1985) பற்றி எல்லாரும் நிறைய எழுதிவிட்டார்கள், சுருக்கமாகவே சொல்கிறேன். பாலச்சந்தர் படங்களில் பல, மறுபடி பார்த்தால் வசனம் காதைக் குத்தும். இதிலும் குத்துகிறது. பைரவியைப் படம் நடத்துகிற விதத்தை இன்றைக்கு ஏற்க முடியாது. ஆனாலும் திரும்பத் திரும்பப் போவதற்கு ஒரு காரணம், சிவகுமார் ஜேசுதாஸின் குரலைச் சுமக்கிற விதம். குடித்துவிட்டுக் கச்சேரிக்கு வந்த மிருதங்கக்காரரை, டெல்லி கணேஷை, ஜே.கே.பி. விலக்கி வைக்கிறான். கதை தெரியாதபோது அது வெறும் கண்டிப்பு. தெரிந்தபின் அந்த நிமிர்ந்த முதுகைப் பார்க்கவே பயமாக இருக்கிறது. இதே ஆள் பின்னால் ஒரு கிளாஸ் சாராயத்துக்காகப் பாடி ஆடுவான். அந்தப் பாட்டிலும் ஜேசுதாஸ் குரல் சுத்தமாகத்தான் இருக்கிறது. கெட்டுப்போனது உடம்பு மட்டும். சுருதி பிசகாத ஒரு குரலை, நிற்க முடியாத ஒரு உடம்பு இழுத்துக்கொண்டு போகிறது. இந்தப் பிளவைப் பின்னணிப் பாடல் இருக்கிற சினிமாவில் மட்டும்தான் காட்ட முடியும். தானே பாடித் தானே நடிக்கிறவரால் முடியாது.

சுஹாசினி தமிழில் பாடச் சொல்லிச் சண்டை போட்டு, பிறகு தானே எழுந்து பாடும் காட்சியும் அப்படித்தான். நாட்டுப்புற மெட்டாகத் தொடங்கி தியாகராஜரின் கீர்த்தனைக்குள் போய் இறங்கும். காம்போதியில் பாடப்படும் கீர்த்தனையை இளையராஜா சாரமதிக்கு மாற்றியிருந்தார். அதற்குச் சித்ராவுக்குத் தேசிய விருது, நடிப்புக்குச் சுஹாசினிக்குத் தேசிய விருது, இசைக்கு ராஜாவுக்கு. ஒரே பெண்ணின் உடம்புக்கும் குரலுக்கும் தனித்தனியாக விருது கொடுத்த நாடு நாம். எனக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

இதையெல்லாம் சித்தி பையனிடம் சொன்னேன். கல்லூரி இரண்டாம் வருஷம், ஒரு நாளைக்கு ஒரு படம் பார்க்கிறவன். "அக்கா, பாட்டு வந்தா பத்து செகண்ட் பத்து செகண்டா தட்டிக்கிட்டே போயிருவேன். ஒருத்தன் பாட இன்னொருத்தன் வாயசைக்கிறதெல்லாம் ஏமாத்து. அதான் இப்ப நல்ல படத்துல லிப் சிங்க்கே வைக்கிறதில்ல" என்றான்.

அவன் சொன்னதில் பாதி சரி. இப்போது நம் படங்களில் பாட்டு பெரும்பாலும் பின்னால் ஓடுகிறது. நாயகி ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள், பைக் போகும், காபி ஆறும், குரல் எங்கிருந்தோ வரும். யதார்த்தம் என்கிறார்கள். நன்றாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் குரலுக்கு யாரும் பொறுப்பில்லை. யாருடைய கழுத்தும் அதற்காக நோகவில்லை. மாண்டேஜ் பாட்டை நான் ஆயிரம் தடவை காதில் கேட்பேன். திரும்பப் பார்க்க வேண்டும் என்று தோன்றுவதில்லை. வாயசைப்பு பொய் என்றால் மாண்டேஜும் பொய்தான். ஒன்றில் நடிகர் அந்தப் பொய்க்குத் தன் உடம்பை ஈடு வைக்கிறார், இன்னொன்றில் வைப்பதில்லை.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் இன்னொன்று நடந்துகொண்டிருக்கிறது. 2024இல் 'லால் சலாம்' படத்தில் மறைந்த ஷாகுல் ஹமீது, பம்பா பாக்யா இருவரின் குரலையும் செயற்கை நுண்ணறிவால் உண்டாக்கிப் பாட வைத்தார் ஏ.ஆர். ரஹ்மான். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, பணமும் கொடுத்ததாகச் சொன்னார். அதே வருஷம் 'கோட்' படத்தில் பவதாரிணியின் குரல். நான் அதைக் கேட்டு உருகினேன், மறைக்கவில்லை. ஆனால் இப்போது நீலத்துணிக்குப் பின்னாலும் யாருமில்லை. இருமல் வராது. அவள் யாருக்காகக் காத்திருப்பாள்?

பையனோடு வாதம் பண்ணிப் பயனில்லை என்று தோன்றியது. அதனால் 'தி அம்ப்ரெல்லாஸ் ஆஃப் ஷெர்பூர்' (1964) போட்டேன். ழாக் தெமி எழுதி இயக்கிய பிரெஞ்சுப் படம், இசை மிஷேல் லெக்ராந். இதில் தட்டிவிடப் பாட்டு கிடையாது, ஏனென்றால் பாட்டைத் தவிர எதுவுமே கிடையாது. "கார் ரெடியா" என்பதும் பாட்டு. "எனக்குக் காசு இல்லை" என்பதும் பாட்டு. முழுக்கவும் முன்பே பதிவு செய்து, அதற்கு வாயசைத்து எடுத்தார்கள். காத்ரீன் தெனுவுக்குத் தனியெல் லிகாரி பாடினார். இரவல் இல்லாத பாட்டு என்று தேடினாலும் கிடைக்காது. தொடக்கத்திலேயே கராஜில் ஒரு மெக்கானிக், எல்லாரும் பாடிக்கொண்டே இருப்பதால் தனக்கு ஆப்பராவைவிடச் சினிமாதான் பிடிக்கும் என்று, பாடியபடியே சொல்வான். முதல் தடவை அது காதிலேயே விழாது. இரண்டாம் தடவை சிரித்துவிடுவீர்கள்.

கதை நம்ம ஊர்க் கதைதான். குடைக்கடைக்காரம்மாவின் மகள் ழெனவியேவும் மெக்கானிக் கீயும் காதலிக்கிறார்கள். அல்ஜீரியப் போருக்கு அவனைக் கட்டாயமாக அனுப்புகிறார்கள். அவள் வயிற்றில் குழந்தை. கடிதம் வருவது குறைகிறது. நல்ல மனசுள்ள ஒரு வைர வியாபாரி பெண் கேட்டு வருகிறான். கட்டிக்கொடுத்துவிடுகிறார்கள். யாரும் வில்லன் இல்லை. அந்த வியாபாரி ரோலான், தெமியின் முந்தைய படமான 'லோலா'வில் (1961) காதலில் தோற்றவன். அது தெரிந்து பார்க்கும்போது அவன் நாகரிகமாகக் காத்திருப்பது வேறு மாதிரி வலிக்கிறது.

பையன் முதல் பதினைந்து நிமிஷம் சிரித்தான். "பெட்ரோல் போடறதுக்கெல்லாம் பாட்டா?" பிறகு போனை எடுத்தான். ரயில் நிலையத்தில் இருவரும் பிரிகிற இடத்தில் போனைக் கவிழ்த்து வைத்தான். அதன் பிறகு எடுக்கவில்லை.

கடைசிக் காட்சி 1963 டிசம்பர், பனி. கீ இப்போது சொந்தமாகப் பெட்ரோல் பங்க் வைத்திருக்கிறான். மனைவியும் மகனும் கடைக்குப் போயிருக்கிறார்கள். ஒரு பெரிய கார் வந்து நிற்கிறது. உள்ளே ழெனவியே, கூட ஒரு சின்னப் பெண். வேலையாள் வந்து எந்த ரகப் பெட்ரோல் போட என்று கேட்கிறான், பாட்டில்தான். அவள் எதுவானாலும் சரி என்கிறாள். அதே சாதாரணச் சுருதியில், மகளைப் பார்க்கிறாயா என்று கீயிடம் கேட்கிறாள். ஒன்றரை மணி நேரமாகக் கார் ரிப்பேர், கடன், காய்ச்சல் எல்லாவற்றையும் பாடிப் பாடி நம் காது பழகிவிட்டதால், இந்த ஒரு கேள்விக்கென்று எடுத்து வைக்கப் புதிய குரல் எதுவும் மிச்சமில்லை. பெட்ரோலைக் கேட்ட மாதிரியே இதையும் கேட்க வேண்டியிருக்கிறது. தெனுவின் உதடு லிகாரியின் குரலோடு சரியாகத்தான் அசைகிறது. கண் மட்டும் அந்த மெட்டில் இல்லை.

கீ வேண்டாம் என்று தலையசைக்கிறான். கார் போகிறது. அவன் மனைவியும் மகனும் திரும்பி வருகிறார்கள், அவன் மகனோடு பனியில் விளையாடுகிறான்.

படம் முடிந்ததும் பையன் ஒன்றும் சொல்லவில்லை. தண்ணி குடித்துவிட்டு வந்தான். "அந்தப் பொண்ணுக்குப் பாடினவங்க பேர் என்ன சொன்னீங்க?" என்று கேட்டான். சொன்னேன். போனில் தேடி எடுத்து, கடைசிக் காட்சியை மறுபடி வைத்தான். இந்தத் தடவை சப்டைட்டிலை அணைத்துவிட்டு அவள் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.